இயாகோ புதிதாக ஒன்றும் சொல்லவில்லை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

அழைப்பிதழில் 'ஒத்தெல்லோ: பொறாமையின் நாடகம்' என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தலைப்பை நான் கொடுக்கவில்லை. ஆனாலும் அமைப்பாளர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்ததும் அதுதான். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ஹாம்லெட் என்றால் தயக்கம், மக்பெத் என்றால் பேராசை, ஒத்தெல்லோ என்றால் பொறாமை. தேர்வுக்கு அது போதும். எனக்கும் மதிப்பெண் கிடைத்தது. இன்று மாலை பொறாமையைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

நாடகம் வெனிஸ் நகரத்து வீதி ஒன்றில் இரவு நேரத்தில் தொடங்குகிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் ரோடரிகோ, காசும் ஏமாளித்தனமும் நிறைய உள்ளவன். இன்னொருவன் இயாகோ, படைத்தளபதியின் கொடியைச் சுமக்கும் பதவியில் இருப்பவன். யாரோ ஒருவனைத் திட்டித் தீர்க்கிறார்கள். 'அவன்' என்கிறார்கள், 'அந்த மூர்' என்கிறார்கள் (ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களை அந்தக் காலத்தில் அப்படி அழைத்தார்கள்), 'தடித்த உதட்டுக்காரன்' என்கிறார்கள். பிறகு செனட்டர் பிரபான்ஸியோவின் ஜன்னலுக்குக் கீழே நின்று 'திருடன், திருடன்' என்று கூச்சலிட்டு அவரை எழுப்புகிறார்கள். உன் மகள் டெஸ்டிமோனா அந்த மூரோடு ஓடிப்போய்விட்டாள் என்பதுதான் செய்தி. இயாகோ அதை ஆட்டுக்கடா, குதிரை என்று கால்நடைச் சந்தை மொழியில் சொல்கிறான். மேடையில் நின்று அந்த வரிகளை அப்படியே சொல்ல எனக்கு நா கூசுகிறது. கருப்புக்கடா, வெள்ளைப் பெண்ணாடு என்று நிறத்தையும் சேர்த்தே சொல்கிறான் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முதல் காட்சி முடிந்துவிடுகிறது. பேசப்பட்டவனின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டாவது காட்சியில் அந்த மனிதரே மேடைக்கு வந்துவிடுகிறார். அப்போதும் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூன்றாவது காட்சியில், நகரத்து ஆட்சி மன்றத்தில், வெனிஸின் தலைவர் 'வீரமிக்க ஒத்தெல்லோ' என்று கூப்பிடும்போதுதான் அந்தப் பெயர் முதன்முதலாக ஒருவர் வாயிலிருந்து வருகிறது. எப்போது என்று கவனியுங்கள். துருக்கியரின் கப்பற்படை சைப்ரஸ் தீவை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. உடனே ஒரு தளபதி வேண்டும்.

இந்த நாடகம் 1604 நவம்பர் 1 அன்று லண்டனில் அரண்மனையில் நடிக்கப்பட்டது. ஷேக்ஸ்பியர் இதை எழுதியது அதற்குச் சற்று முன்னால்தான். அந்த லண்டனையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். 1596-இல் எலிசபெத் அரசியின் பெயரால் நகரத் தந்தைகளுக்குக் கடிதம் போயிருக்கிறது: நாட்டில் கருப்பர்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறார்கள், சிலரை வெளியே அனுப்புங்கள் என்று. நான்கே ஆண்டுகள் கழித்து, 1600-இல், மொராக்கோ மன்னரின் தூதர் லண்டனுக்கு வருகிறார். ஸ்பெயினுக்கு எதிராகக் கூட்டுச் சேர வேண்டும். தூதர் மாதக்கணக்கில் தங்குகிறார், அரசி வரவேற்கிறார், தலைப்பாகையும் வாளுமாக அவரை ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார்கள். வேண்டாதபோது எண்ணிக்கை, வேண்டியபோது பெயரும் படமும். நாடகத்தின் வெனிஸுக்கு ஷேக்ஸ்பியர் இத்தாலிவரை போயிருக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்தக் காலத்து மேடையில் முகத்தில் கருப்புப் பூசி ஒருவன் வந்தால் பார்ப்பவர்களுக்கு அவன் பேய் அல்லது கொடியவன். ஷேக்ஸ்பியரே பத்து ஆண்டுகளுக்கு முன்பு தம் முதல் துன்பியல் நாடகத்தில் ஆரன் என்று அப்படி ஒருவனைப் படைத்திருந்தார். ஆகவே ஒத்தெல்லோ நாடகத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள், முதல் காட்சி வசவைக் கேட்டதும், ஒரு கொடியவனுக்காகக் காத்திருந்திருப்பார்கள். வந்து நின்றதோ குரல் உயர்த்தாத, பண்பான தளபதி. வாளை உருவியவர்களைப் பார்த்து, வாளை உறையில் போடுங்கள், பனிபட்டுத் துருப்பிடித்துவிடும் என்கிறார். கொடியவன் வெள்ளை முகத்தோடு, சிப்பாய்க்குரிய வெளிப்படையான பேச்சோடு பக்கத்தில் நிற்கிறான்.

அவனை எல்லோரும் எப்படி அழைக்கிறார்கள்? 'யோக்கியன் இயாகோ'. நேர்மை, நேர்மையானவன் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் இந்த நாடகத்தில் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்று சொல்ல அந்த ஊரில் ஒரு கிழவிகூட இல்லாமல் போனாள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே சொல்லுக்கு, பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, கற்புடையவள் என்று பொருள். ஆணின் நாணயத்துக்கும் பெண்ணின் கற்புக்கும் ஒரே சொல். நாடகம் முழுவதும் அந்தச் சொல் ஒரு தராசில் கிடந்து ஆடுகிறது. இயாகோவின் தட்டு உயர உயர, டெஸ்டிமோனாவின் தட்டு இறங்குகிறது.

இவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று நான்கு நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூலக்கதை இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோ 1565-இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. அங்கே காரணம் தெளிவு: கொடிச்சுமப்பவன் தளபதியின் மனைவியை விரும்புகிறான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பழிவாங்குகிறான். ஷேக்ஸ்பியர் அந்தக் காரணத்தைக் கரைத்துவிட்டு, பதிலுக்கு இயாகோவின் வாயில் நாலைந்து காரணங்களைப் போடுகிறார். எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு காசியோ என்ற படை அதிகாரிக்குப் போய்விட்டது என்கிறான். பிறகு, என் மனைவியோடு அந்த மூருக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சு என்கிறான். உண்மையா என்று தெரியாது, சந்தேகமே போதும், உறுதியானது போலவே நடந்துகொள்வேன் என்று அவனே சொல்கிறான். எந்தக் காரணமும் அவன் செய்கையின் எடையைத் தாங்கவில்லை. காரணமற்ற வன்மம் காரணம் தேடி அலைகிறது என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னது இதைப் பார்த்துத்தான்.

எனக்குக் காரணத்தைவிட அவன் செய்யும் வேலையின் நுணுக்கம்தான் பெரிது. கெட்டிக்கார வியாபாரி புதுச்சரக்கோடு வருவதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதை எடுத்து, துடைத்து, உங்களுக்கே விற்றுவிடுவான். பிரபான்ஸியோவைப் பாருங்கள். ஜன்னலில் நின்று செய்தியைக் கேட்டவர் முதலில் நம்பவில்லை. பிறகு என்ன சொல்கிறார்? 'இது நான் கண்ட கனவைப் போலவே இருக்கிறதே' என்கிறார். மகள் அவனோடு போய்விடுவாள் என்று அவர் ஏற்கெனவே கனவு கண்டிருக்கிறார்! இயாகோ செய்ததெல்லாம் தூங்கியவரை எழுப்பியதுதான்.

அந்தப் பிரபான்ஸியோ ஒத்தெல்லோவை வெறுத்தவர் அல்லர். அடிக்கடி வீட்டுக்கு அழைத்தவர், பக்கத்தில் உட்காரவைத்துப் போர்க்கதைகளைக் கேட்டு மகிழ்ந்தவர். அந்தக் கதைகளை ஒரு காதால் கேட்டுத்தான் மகள் மனத்தைப் பறிகொடுத்தாள். விருந்துக்கு வரலாம், கதை சொல்லலாம், மருமகனாக மட்டும் வரக்கூடாது. இந்த வகைப் பெருந்தன்மையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இதில் ஒரு சின்ன வரி என்னை எப்போதும் நிறுத்திவிடும். மகளை விரும்பிச் சுற்றிவந்த ரோடரிகோவை வீட்டு வாசலுக்கே வரக்கூடாது என்று விரட்டியவர் அவர். மகள் போன சேதி உறுதியானதும் அதே ரோடரிகோவிடம், 'ஐயோ, உனக்காவது அவளைக் கொடுத்திருக்கலாமே' என்கிறார். ஒரே இரவில் அந்த அசடு நல்ல வரனாகிவிட்டான். அவன் தகுதியில் ஏறியது ஒன்றும் இல்லை, நிறம் ஏற்கெனவே இருந்தது.

ரோடரிகோவிடம் இயாகோ வேறு சரக்கை விற்கிறான். மூர்கள் மனம் மாறுகிறவர்கள், இந்த ஆசையெல்லாம் சீக்கிரம் கசந்துவிடும், நீ பையில் பணத்தைப் போட்டுக்கொண்டு வா என்கிறான். 'பணத்தைப் போடு' என்று அந்த ஒரே பேச்சில் எத்தனை தடவை சொல்கிறான் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தப் பணம் அவன் பைக்குத்தான் போகிறது. பிறகு சைப்ரஸ் தீவில், யாரும் இல்லாதபோது, தனக்குத்தானே அவன் சொல்லிக்கொள்வதைக் கேளுங்கள்: 'எனக்கு அந்த மூரைப் பிடிக்காது, ஆனால் அவன் நிலையான, அன்பான, உயர்ந்த குணம் உள்ளவன்.' மனம் மாறுகிறவர்கள் என்று ஊருக்கு விற்றவன் அதை நம்பவே இல்லை. வெறுப்பை விற்கிறவர்கள் எல்லோரும் அதை நம்புகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு வயதாக ஆக அந்த நினைப்பு குறைந்துகொண்டே வருகிறது.

இங்கே ஒரு சொந்தக் கதை சொல்லி ஆகவேண்டும். கல்லூரி ஆண்டு விழாவுக்கு இந்த நாடகத்திலிருந்து இரண்டு காட்சிகள் போட முடிவாயிற்று. 'ஒத்தெல்லோ யார்?' என்று பேராசிரியர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முழுவதும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. எங்களில் மிகவும் கருத்த மாணவன் அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் இயாகோவின் தனிமொழிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அந்த வேடத்தைத்தான் கேட்டிருந்தான். இயாகோ எனக்கு வந்தது. நிறத்தைத் தவிர எனக்கு வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை. விழா அன்று, போதாது என்று அவன் முகத்தில் கரி வேறு பூசினார்கள். நான் அரங்கத்தைப் பார்த்துத் தனிமொழி பேசப் பேச, கூட்டம் சிரித்தது, கை தட்டியது. ஒத்திகையின்போது அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்: 'கேள்வி வந்ததும் பதில் சொல்லாதே. அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல். சொல்லிவிட்டுச் சும்மா இரு.' அந்தக் காட்சியின் மொத்த இலக்கணமும் அதுதான் என்று புரிய எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாவது காட்சி அது. தொடங்கும்போது ஒத்தெல்லோ மனைவிமேல் உயிராக இருக்கிறார். முடியும்போது, அவளுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று நம்பி, கொலைக்கு ஆணையிடுகிறார். நடுவில் நடப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

'நீங்கள் பெண் கேட்ட காலத்தில் காசியோவுக்கு அது தெரியுமா, பிரபு?'

'தெரியும். எங்களுக்கு இடையே தூது போனதே அவன்தான்.'

'அப்படியா?'

'அப்படியாவா? ஆம், அப்படித்தான். அதில் என்ன கண்டாய்? அவன் யோக்கியன் இல்லையா?'

'யோக்கியனா, பிரபு?'

'ஆம், யோக்கியன்.'

'எனக்குத் தெரிந்தவரை, பிரபு.'

'நீ என்ன நினைக்கிறாய்?'

'நினைக்கிறேனா, பிரபு?'

இதில் ஒரு பொய் இருக்கிறதா? நானும் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு குற்றச்சாட்டுக்கூட இல்லை. குழியை வெட்டியது ஒத்தெல்லோவின் கேள்விகள்தான். இயாகோ கரையில் நின்று எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறான், அவ்வளவே.

பிறகு இரண்டு அடி அடிக்கிறான். முதல் அடி: 'எங்கள் ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும். கணவனுக்குக் காட்டாததைக் கடவுளுக்கு மட்டும் காட்டுவார்கள்.' எங்கள் ஊர்! அந்த 'எங்கள்' என்ற சொல்லில் ஒத்தெல்லோ கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறார். இத்தனை ஆண்டுகள் அந்த ஊருக்காகப் போர் செய்தவர். இருந்தும் ஊர்ப்பெண்களைப் பற்றி ஊர்க்காரனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது அடி: 'உங்களை மணந்தபோது அவள் தந்தையை ஏமாற்றினாள்.' இதுவும் இயாகோவின் சரக்கு அல்ல. ஆட்சி மன்றத்தை விட்டுப் போகும்போது பிரபான்ஸியோ மருமகனின் காதில் போட்டுவிட்டுப் போனது: 'பார்த்துக்கொள், மூர். தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம்.'

அதற்கும் ஒத்தெல்லோ அசைந்துவிடவில்லை. அவள் கற்புடையவள் என்றுதான் நினைக்கிறேன் என்கிறார். இயாகோவும், நீடூழி அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறான். அப்போது ஒத்தெல்லோவே மெல்ல ஆரம்பிக்கிறார்: 'இருந்தாலும், இயற்கை தன் வழியிலிருந்து தவறி...' வாக்கியம் முடியவில்லை. இயாகோ பாய்ந்து விழுகிறான்: 'அங்கேதான் விஷயம்!' தன் நாட்டவர், தன் நிறத்தவர், தன் தரத்தவர் எத்தனையோ பேர் கேட்டும் அவள் வேண்டாம் என்றாளே, அது இயற்கையா என்று நீட்டி முழக்குகிறான். 'இயற்கை தவறியது' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆட்சி மன்றத்தில் பிரபான்ஸியோ முறையிட்டபோது சொன்ன சொல் அது: சூனியம் வைக்காமல் இயற்கை இவ்வளவு கோணலாகத் தவறுமா, பார்க்கவே பயந்த ஒன்றின்மேல் என் மகள் காதல் கொள்வாளா என்றார். அன்று ஒத்தெல்லோ அதைச் சிரித்த முகத்தோடு எதிர்கொண்டு வென்றார். வெனிஸின் தலைவரும், இப்படி ஒரு கதையைக் கேட்டால் என் மகளும் மயங்குவாள் என்று தீர்ப்புச் சொன்னார். வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் நாமும் நினைத்தோம். ஆனால் மாமனார் வீசிய சொல் உள்ளே போய்த் தங்கிவிட்டது. அதை ஒத்தெல்லோ தம் வாயால் எடுத்து வெளியே வைக்கும்வரை இயாகோ காத்திருந்தான்.

சிறிது நேரத்தில் அவரே சொல்கிறார்: 'நான் கருப்பன் என்பதாலோ என்னவோ.' அப்புறம், களங்கப்பட்ட பெயர் 'என் முகத்தைப் போலவே கறுத்துவிட்டது' என்கிறார். தம் முகத்தை அழுக்குக்கு உவமையாக அவர் எடுத்த அந்த இடத்தில் நாடகம் முடிந்துவிட்டது என்பேன். மிச்சம் இரண்டு அங்கங்களும் கைக்குட்டையும் நடைமுறைதான்.

கைக்குட்டையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. ஒத்தெல்லோ தலைவலி என்கிறார். டெஸ்டிமோனா தம் கைக்குட்டையால் நெற்றியில் கட்டப் போகிறாள். 'இது சின்னது' என்று அவர் தட்டிவிட, கீழே விழுகிறது. 'கிடக்கட்டும் விடு' என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். டெஸ்டிமோனாவின் பணிப்பெண் எமிலியா அதை எடுத்துக் கணவன் இயாகோவிடம் கொடுக்கிறாள். மனைவியின் நடத்தைக்குச் சாட்சி என்று பின்னால் அவர் கேட்டு அலறும் பொருள், அவர் கையால் தட்டிவிட்டது. நமக்கு இங்கே சிலம்பு நினைவுக்கு வராமல் இருக்காது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு விசாரிக்காமல் கொன்ற பாண்டியனைக் கண்ணகி 'தேரா மன்னா' என்றாள். ஆனால் மதுரையில் செத்தவன் ஊருக்குப் புதியவன், தீர்ப்புச் சொன்னவன் ஊருக்கு உரியவன். இங்கே தீர்ப்புச் சொல்கிறவரே ஊருக்குப் புதியவர். அதனால்தான் ஊர்க்காரன் சொல் அவருக்கு வேதமாகிறது.

மேடைக்கு வெளியே நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1693-இல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் இந்த நாடகத்தைக் கேலி செய்து கிழித்தார். கருப்பன் நம் ஊரில் எக்காளம் ஊதுகிறவனாக உயரலாம், ஷேக்ஸ்பியரோ அவனைத் தளபதி ஆக்கிவிட்டார் என்றார். இயாகோ மீதும் அவருக்குக் கோபம்: சிப்பாய் என்றால் மனம் திறந்து பேசுகிறவன், இப்படி ஒரு வஞ்சகச் சிப்பாய் எங்கே உண்டு என்று கேட்டார். எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு அடங்கவில்லை. ஒத்தெல்லோ நினைத்ததும் அதையேதான்! ரைமர் சைப்ரஸில் இருந்திருந்தால் முதலில் ஏமாந்திருப்பார். கோல்ரிட்ஜையும் விட்டுவிட முடியாது. அழகான வெனிஸ் பெண் உண்மையான நீக்ரோ ஒருவனைக் காதலித்தாள் என்று எண்ணுவதே கோரம் என்று எழுதியவர் அவர். பிரபான்ஸியோ வழக்கில் தோற்றார் என்று யார் சொன்னது?

1833 மார்ச்சில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் எட்மண்ட் கீன் என்ற பெரிய நடிகர் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். இயாகோவாக நடித்த சொந்த மகன்தான் தாங்கிப் பிடித்தார். சில வாரங்களில் கீன் இறந்துபோனார். அதற்குள், ஏப்ரலில், அந்த வேடம் நியூயார்க்கில் பிறந்த கருப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜுக்கு வந்தது. ஒரு பத்திரிகை, நம் நடிகையை ஒரு கருப்பன் மேடையில் தொட்டு நடிப்பது ஒழுக்கக்கேடு என்று எழுதியது. இரண்டே இரவுகளோடு அரங்கக் கதவு மூடப்பட்டது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அதே ஆண்டு, அதே நகரத்தில் நிறைவேறியது. ஆல்ட்ரிட்ஜ் பிறகு ஐரோப்பா முழுவதும் சுற்றிப் புகழ்பெற்றார்; 1867-இல் போலந்தின் வூட்ஜ் நகரில் காலமானார். 1943-இல் கருப்பின அமெரிக்க நடிகர் பால் ராப்சன் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் இதே வேடத்தில் 296 தடவை நடித்தார். அந்தத் தெருவில் எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அத்தனை நாள் ஓடியதில்லை.

நாடகம் வெறுப்பைக் காட்டுகிறதா, அதுவும் ஒரு கை கொடுக்கிறதா? ஹியூ குவார்ஷி என்ற கருப்பின நடிகர், எங்களில் ஒருவர் ஒத்தெல்லோவாக நடித்தால், கருப்பன் கொஞ்சம் சீண்டினால் மிருகமாவான் என்ற பழைய பேச்சுக்குச் சான்று போல் ஆகிவிடாதா என்று நெடுங்காலம் கேட்டுவந்தார். அவரே 2015-இல் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் மேடையில் அந்த வேடத்தை ஏற்றார். அந்த முறை இயாகோவும் கருப்பர், லூசியன் ம்சமாட்டி. குவார்ஷியின் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடைசிக் காட்சியில், ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவைக் கொன்றுவிட்ட பிறகு, எமிலியா, எஜமானிக்காக உயிரையே கொடுக்கிற நல்லவள், ஒத்தெல்லோவைப் பார்த்து 'நீ கருத்த பேய்' என்கிறாள். அவள் கோபம் நியாயம். ஆனாலும் கோபத்துக்குக் கைக்கு அகப்பட்ட சொல் நிறம்தான். அந்த வரியை எழுதிய கை வெனிஸைக் காட்டிக்கொடுக்கிறதா, அல்லது வெனிஸின் கையேதானா என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு வேறாகப் படுகிறது.

அந்தக் கடைசிக் காட்சியோடு முடிக்கிறேன். உண்மை வெளிப்பட்ட பிறகு ஒத்தெல்லோ இறுதியாக ஒரு கதை சொல்கிறார். முன்பும் கதை சொல்லித்தான் அவர் காதலை வென்றார், வழக்கை வென்றார். அலெப்போ நகரில், தலைப்பாகை கட்டிய துருக்கியன் ஒருவன் வெனிஸ்காரன் ஒருவனை அடித்து, நாட்டையும் இழிவாகப் பேசினான். அந்த நாயின் தொண்டையைப் பிடித்து, இப்படி, குத்தினேன் என்று சொல்லித் தம்மையே குத்திக்கொள்கிறார். குத்தியவரும் அவர், குத்துப்பட்ட அயலானும் அவர். இயாகோ அதற்கு முன்பே வாயை மூடிவிட்டான். 'என்னை ஒன்றும் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியும். இனி ஒரு சொல் பேச மாட்டேன்.' நாடகத்தில் எல்லோரையும்விட அதிக வரிகள் பேசியவன் அவன்.

வெனிஸிலிருந்து வந்த உயர்குடிப் பிரமுகர் லொடோவிக்கோ கட்டிலைக் காட்டுகிறார். அதில் மூன்று பிணங்கள்: டெஸ்டிமோனா, எமிலியா, ஒத்தெல்லோ. பார்வைக்கே நஞ்சு, மறைத்துவிடுங்கள் என்கிறார். அடுத்ததாக, இறந்துபோன பிரபான்ஸியோவின் சகோதரர் கிராசியானோவிடம் திரும்பி, அரசாங்க வேலையாக ஒன்று சொல்கிறார்: வீட்டை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், மூரின் சொத்துகளைக் கைப்பற்றிக்கொள்ளுங்கள், அவை இனி உங்களுக்குத்தான் சேரும்.

'மூரின்' என்கிறார். துருக்கியரின் கப்பல்கள் புயலில் சிதறி வெகுநாள் ஆகிவிட்டது.